தெளிந்த நீருக்கு எந்த இரை? தூண்டில் கேள்வி–பதில்

கேள்வி: மேட்டூர் அடைத்த பிறகு குடமுருட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. மடுவில் கெண்டை திரிவது கரையிலிருந்தே தெரிகிறது. ஆனியில் செந்தண்ணீர் வரும்போது மண்புழுவைப் பாய்ந்து விழுங்கிய மீன், இப்போது கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. புழுவில் குறையா, முள்ளில் குறையா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: புழுவில் குறையில்லை. தங்கூசி என்கிற தூண்டில் நரம்பிலும் நிழலிலும்தான் பாதிக் குறை.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அந்தப் புதுத் தண்ணீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால் மீனுக்குக் கண் உதவாது. மூக்கும் மீசையும்தான் வேலை செய்யும். கெளுத்தி முதலில் மாட்டுவது அதனால்தான். அப்போது இரண்டு மூன்று புழுவைச் சேர்த்துக் கொத்தாகக் குத்தி, 0.40 மி.மீ. தங்கூசியில் கனமான ஈயம் கட்டி அடியில் போட்டாலும் எடுக்கும். வாசனைதான் அங்கே இரை.

ஜனவரி 28-ஐ ஒட்டி அணை அடைத்து, மண் படிந்து நீர் தெளிந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். மீன் இப்போது கண்ணால் பார்த்து எடுக்கிறது. 0.40 நரம்பு அதற்குக் கயிறு மாதிரி தெரியும். 0.16 அல்லது 0.18-க்கு இறங்குங்கள். முள் 12 அல்லது 14-ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பது தெரிந்திருக்கும். முழுப் புழு வேண்டாம். அரைப் புழுவைக் குத்தி, முனையில் அரை அங்குலம் நெளிய விடுங்கள். பெரிய தக்கையைக் கழற்றிவிட்டுத் தீக்குச்சிப் பருமனில் 4 செ.மீ. நெட்டித் துண்டு போதும். ஈயம் கடுகைவிடச் சற்றுப் பெரியதாக ஒன்று, முள்ளுக்கு ஒரு சாண் மேலே. கெண்டை இரையைக் கவ்வுவதில்லை, தண்ணீரோடு உறிஞ்சுகிறது. ஈயம் கனமாக இருந்தால் இரை வாய்க்குள் போகாமல் இழுபடும். உடனே துப்பிவிடும். நீங்கள் சொல்லும் "பார்த்துவிட்டுத் திரும்புவது" பல நேரம் அந்தத் துப்பல்தான்.

மாவு போடுவதானால் கோதுமை மாவு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு. கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, கரையாமலிருக்கக் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்க்க வேண்டும். உருண்டை மிளகு அளவு. அதற்கு மேல் உருட்டினால் கிட்டே வந்து முட்டிப் பார்க்கும் மீன்தான் மிஞ்சும்.

அப்புறம் நிழல். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் நிழலும் கழியின் நிழலும் மடுவில் விழும். எதிர்க்கரைக்கு மாறுங்கள். விளிம்பிலிருந்து இரண்டடி பின்வாங்கி உட்காருங்கள். கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியே மடுவுக்குப் போகும். அதன் பிறகு கால் மணி நேரத்துக்கு எந்த இரையும் எடுபடாது.

கேள்வி: மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். மார்ச் கடைசியில் அவனிடம் போகிறேன். அங்கே மலை ஆறுகளில் அடிக்கல்லை எண்ணலாம் போலத் தெளிவாக ஓடுமாம். யமாமே, இவானா என்று இரண்டு மீன், அப்போதுதான் பருவம் திறந்திருக்குமாம். கடையில் நூற்றுக்கணக்கில் ஃப்ளை இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்கிறான். எனக்கு அரசலாற்றில் மூங்கில் கழியும் மண்புழுவும்தான் பழக்கம்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பழக்கம் அங்கே வீண் போகாது. முதலில் மீனைச் சொல்லிவிடுகிறோம். யமாமே, ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் போல ஓட்டத்தில் நின்று மேய்கிற மீன். இவானா 'சார்' (char) என்ற மீன் இனம். அதற்கு இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும், பாறை இடுக்கிலும் அடியிலும் கிடக்கும். இரண்டும் சால்மன் மீன் குடும்பம்.

ஃப்ளை என்பது முள்ளின் மேல் நூல், இறகு, ரோமம் சுற்றிப் பூச்சி போலச் செய்த இரை. எந்த ஃப்ளை என்ற கேள்விக்கு விடை கடையில் இல்லை, ஐப்பசி மாலையில் இருக்கிறது. மழை விட்டு ஈசல் கிளம்பி வாய்க்காலில் விழும்போது கெண்டையும் பொடி மீனும் துள்ளித் துள்ளி ஈசலையே எடுக்கும். பக்கத்தில் புழுவைத் தொங்கவிட்டால் சீந்தாது. எது நிறைய வருகிறதோ அதை மட்டும் தின்பது மீனுக்குச் சிக்கனம். தெளிந்த மலை ஆற்றில் இது இன்னும் கறாராக நடக்கும்.

மார்ச் கடைசியில் அந்த ஆறுகளின் வெப்பம் பெரும்பாலும் 5 முதல் 8 டிகிரி. அந்தக் குளிரில் மீனுக்குச் செரிமானம் மந்தம். இரைக்காக ஒரு முழம் நகர்வதே பெரிது. ஓட்டத்தின் நடுவில் நிற்காமல், ஓட்டம் தணியும் மடுவின் வாலிலும் பாறைக்குப் பின்னாலும் கிடக்கும். அப்போது கிளம்பும் பூச்சிகளும் பொடிதான். கொசு போல இருந்து கடிக்காத மிட்ஜ், பனிமேல் ஊர்ந்து போகும் சிறு கறுப்பு ஸ்டோன்ஃப்ளை, ஆலிவ் நிறப் பொடி மேஃப்ளை. வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாம் கோடைச் சமாச்சாரம். கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போது விட்டுவிடுங்கள்.

இந்தப் பூச்சிகள் ஆயுளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் கல்லடியில் புழுப் பருவத்தில் கழிக்கின்றன. சிறகோடு மேலே வருவது கொஞ்ச நேரம்தான். ஆகவே பெட்டியில் பாதிக்கு மேல் மூழ்கும் ஃப்ளை இருக்க வேண்டும். மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (நிம்ஃப் என்பது அந்தப் புழுப் பருவத்தைப் போலச் செய்தது), 14-ஆம் எண் முள்ளிலும் 16-லும் மூன்று மூன்று. அவற்றில் பாதிக்கு 2 மி.மீ. உலோக மணி இருக்கட்டும், மீதிக்கு மணியே வேண்டாம். முழங்கால் ஆழத் தெளிநீரில் மணி வைத்தது கல்லில் தட்டிக்கொண்டு போகும், மின்னி மீனைக் கலைக்கவும் செய்யும். மணியுள்ளவை மடுவுக்கு. கறுப்பு மிட்ஜ், 20-ஆம் எண், மூன்று. மெலிந்த கறுப்பு உடம்போடு ஸ்டோன்ஃப்ளை, 16, இரண்டு. மிதப்பதற்குச் சாம்பல்-ஆலிவ் பாராசூட், 16-லும் 18-லும் இரண்டிரண்டு. உச்சியில் வெள்ளைக் குடுமி வைத்ததாகப் பார்த்து வாங்கட்டும். குடுமி மீனுக்கல்ல, உங்கள் கண்ணுக்கு. கடைசியாக சகாசா கெபாரி, 12-ஆம் எண், மூன்று. இது அவர்கள் ஊர் ஃப்ளை. இறகு முன்பக்கம் விரிந்த குடை மாதிரி நிற்கும். லேசாக இழுத்து விட்டால் குடை மடங்கி விரியும், உயிருள்ளது போலத் தெரியும். இவானாவுக்கு இதுவே போதும் என்று சொல்லலாம்.

ஆற்றுக்குப் போனதும் ஃப்ளையைக் கட்டாதீர்கள். ஓடும் நீரிலிருந்து கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் நீளத்தை நகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு, கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். முதலில் அளவு பொருந்த வேண்டும், அடுத்து உருவம், கடைசியில்தான் நிறம். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, நிறம் மாற்றி மாற்றியே பொழுதைக் கழிக்கிறார்கள். எடுக்காத மீனுக்கு ஒரு எண் சிறிய ஃப்ளையைக் காட்டிப் பார்ப்பது பத்து நிறம் மாற்றுவதைவிட மேல்.

அங்கே தென்காரா என்ற முறை உண்டு. நரம்பு சுற்றும் உருளை கிடையாது. 3.6 மீட்டர் கழி, ஏறத்தாழ அதே நீளத்துக்கு நரம்பு, அதன் முனையில் ஒரு மீட்டர் மெல்லிய நுனி நரம்பு, அதில் ஃப்ளை. நம் மூங்கில் தூண்டிலின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஈயம் இரையை இழுத்துக்கொண்டு போகும், அங்கே ஃப்ளைக்குக் கனமே இல்லை. நரம்பின் கனம்தான் அதைக் கொண்டு போக வேண்டும். எனவே தலைக்கு மேலே பின்னால் வீசி, நரம்பு பின்புறம் முழுக்க நீண்ட பிறகே முன்னே வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கி ஃப்ளை அறுந்து போகும்.

நுனி நரம்பை அங்கே 'கோ' என்ற அளவில் விற்பார்கள். 0.8 கோ என்றால் சுமார் 0.15 மி.மீ., 0.6 கோ சுமார் 0.13. 12, 14-ஆம் எண் ஃப்ளைக்கு 0.8, 16-க்கும் அதைவிடப் பொடியதற்கும் 0.6. தடித்த நரம்பில் பொடி ஃப்ளை கட்டினால் கம்பியில் கட்டிய ஈ போல விறைத்துப் போகும், ஓட்டத்தோடு போகாது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து உராய்ந்தால் நரம்பு அந்த இடத்தில் சூடேறிப் பலமிழந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்லப்படுவதில் பல, முடிச்சு செய்த வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தும் மீன் மறுத்தால் காரணம் இழுவை. மேலே மிதக்கும் நுரை என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் ஃப்ளையும் போக வேண்டும். நரம்பின் நடுப்பகுதி வேகமான ஓட்டத்தில் கிடந்தால் ஃப்ளையை இழுத்துவிடும். இழுபடும் பூச்சியைத் தெளிநீரில் யமாமே தொடாது. கழியைத் தூக்கிப் பிடித்து, நுனி நரம்பு மட்டும் தண்ணீரில் படும்படி விடுங்கள். தென்காராவின் பலமே அதுதான். மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலே, குனிந்து போங்கள். யமாமே ஃப்ளையை எடுத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிடும். நரம்பு கொஞ்சம் நின்றாலும் மணிக்கட்டை உயர்த்திவிட வேண்டும். இவானா நிதானி, அதற்குப் பதறினால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள்.

நம் ஊர் போல விடியலில் ஓட வேண்டாம். பருவத் தொடக்கத்தில் வெயில் ஏறி நீர் ஓரிரு டிகிரி சூடாகும் 10 மணி முதல் 2 மணி வரைதான் மீனும் பூச்சியும் விழித்திருக்கும். ஆனால் வெயில் மலைப்பனியையும் உருக்கும். யுகிஷிரோ என்று அவர்கள் சொல்லும் அந்தப் பனிநீர் இறங்கினால் ஆறு பச்சையாகக் கலங்கி, உயர்ந்து, சட்டென்று குளிர்ந்துவிடும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஊற்று நீர் ஓடும் கிளையாற்றுக்குப் போங்கள். எதிர்க்கரைக்குக் கடந்திருந்தால் உடனே திரும்புங்கள், மீனைவிட அது முக்கியம்.

ஒவ்வொரு ஆற்றுக்கும் உள்ளூர் மீனவர் கூட்டுறவு சங்கத்தின் நாள் சீட்டு வாங்க வேண்டும். பல இடங்களில் 15 செ.மீ.-க்குக் குறைந்த மீனைத் திருப்பி விட்டாக வேண்டும். முள்ளின் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டால் விடுவது சுலபம். கரடி குளிர்கால உறக்கம் கலைந்து வரும் மாதம் என்பதால் இடுப்பில் மணி கட்டுவது அங்கே வழக்கம்.

கேள்வி: வீட்டில் நாட்டுச் சேவல் இறகும், கொல்லையில் மயில் உதிர்த்த இறகும் கிடக்கின்றன. ஃப்ளை நானே கட்டலாமா? பாமணியாற்றில் அது எடுபடுமா? வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கும் நாலு அனுப்பலாம் என்று ஆசை.
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பிக்கு அனுப்பும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். தானாக உதிர்ந்த மயிலிறகை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. கோழி இறகும் பல நாடுகளில் கால்நடை நோய்த் தடுப்புச் சோதனைக்குள் வரும். அவர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

இங்கே கட்டுங்கள், தாராளமாக. ஈசல் ஃப்ளையில் தொடங்குவது நல்லது. 14-ஆம் எண் முள், பழுப்புத் தையல் நூல், பழுப்புக் கம்பளி நூலில் பிரித்த ஒரே ஒரு இழை, சேவலின் கழுத்து இறகு ஒன்று, மெல்லிய வெள்ளைப் பாலிதீன் பையில் நறுக்கிய இரண்டு சிறகு. சிறகு முள்ளின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு, அகலம் 3 மி.மீ. முள்ளை அசையாமல் பிடிக்க மேசை விளிம்பில் திருகிய சிறு பிடிகுறடு போதும்.

முள்ளின் கண்ணையொட்டி 2 மி.மீ. இடைவெளி விட்டு, அங்கிருந்து வளைவு வரை நூலை நெருக்கிச் சுற்றுங்கள். வளைவில் கம்பளி இழையைக் கட்டி முன்னோக்கிச் சுற்றி வந்து, மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்துங்கள். அங்கே சிறகு இரண்டையும் முதுகின் மேல் லேசாக விரித்து வைத்து ஐந்தாறு சுற்று. அதற்கு முன்னால் இறகின் தண்டைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றினால் ரோமம் நாலாபக்கமும் சிலிர்த்து நிற்கும். ரோம நீளம் முள்ளின் வாய் அகலத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. நாலைந்து முடிச்சுப் போட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு.

முதலில் கட்டும் பத்தில் எட்டு ஒரே இடத்தில்தான் கெடும்: கண் அடைபட்டு நரம்பு நுழையாது. அதற்குத்தான் அந்த 2 மி.மீ. இடைவெளி. அடுத்தது கம்பளியை அதிகம் சுற்றுவது. அது தண்ணீரைக் குடித்து ஃப்ளையை மூழ்கடிக்கும். மெழுகுவர்த்தியை விரலில் தேய்த்து உடம்பில் பூசினால் கொஞ்சம் தாங்கும்.

மயிலிறகின் பச்சை மின்னும் இழை, மூழ்கும் ஃப்ளைக்கு அருமையான உடம்பு. ஆனால் சீக்கிரம் அறும். பழைய மோட்டார் சுருளிலிருந்து 0.15 மி.மீ. செப்புக் கம்பியை எடுத்து இழையின் மேல் எதிர்ப்புறமாக இடைவிட்டுச் சுற்றுங்கள். இழைக்கும் காப்பு, மூழ்குவதற்கும் கனம். மேலே சொன்ன ஃபெசன்ட் டெயிலை இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் உருவாக்கியபோது நூலே பயன்படுத்தவில்லை. செப்புக் கம்பியாலேயே கட்டினார்.

பாமணியாற்றில் எடுபடுமா என்றால், ஈசல் விழும் மாலையில் கரையோரப் பொடிக்கெண்டைக்கு நிச்சயம் எடுபடும். 12 அடி மூங்கிலில் நுனி மெலிந்ததாகப் பார்த்து, 0.30 தங்கூசியைக் கழி நீளத்துக்கும் அதன் முனையில் 0.16-ஐ ஒரு மீட்டருக்கும் கட்டுங்கள். மாடு மிதித்துக் கலங்கிய இடத்தில் போட்டுவிட்டு ஃப்ளையைத் திட்டக் கூடாது. விராலுக்கு இது ஆகாது. அதற்குத் தவளையோ பிள்ளைப்பூச்சியோதான்.

கேள்வி: காவிரியில் ட்ரவுட் விட்டு வளர்க்க முடியாதா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் ஊரில் முடியாது. நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே ட்ரவுட்டுக்குத் திணறல், 25-ஐ ஒட்டினால் உயிருக்கு ஆபத்து. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆனாலும் காவிரிக்கும் ட்ரவுட்டுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்பே வட அமெரிக்க வானவில் ட்ரவுட்டை அந்த மலையில் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சி நீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து, பவானி ஊரில் காவிரியில் கலக்கிறது. தண்ணீர் உங்கள் துலாக் கட்டம் வரை வரலாம், மீன் மலையை விட்டு இறங்காது.

கேள்வி: வாய்க்காலில் தேளி மீனை முள்ளிலிருந்து கழற்றும்போது குத்திவிடுகிறது. கடுகடுப்பு ராத்திரி வரை அடங்குவதில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நஞ்சு இருப்பது செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள முள்ளில். அந்த நஞ்சு சூட்டில் சிதையும். குத்திய இடத்தைக் கழுவி, முள் ஒடிந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை விரலை வைத்திருங்கள். சூட்டை மற்றக் கையால் சோதியுங்கள், குத்துப்பட்ட விரலுக்கு அளவு தெரியாது. சுண்ணாம்பு அப்புவது, வாயால் உறிஞ்சுவது வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். வீக்கம் மேலேறினாலோ மூச்சு முட்டினாலோ வெந்நீரோடு காத்திருக்கக் கூடாது. அடுத்த முறை மீனைக் கையில் பிடிக்காமல் ஈரச் சாக்கால் அமுக்கி, நீள மூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள்.